கிருத்திகையன்று அரைத்த வெங்காயம்

அட, நீ என்ன வேண்டுமானாலும் சொல், உன் மகளைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லாதே. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற மாதிரி ஒரு பெல்லைச் செய்து மாட்டினாளே, அவளா சோம்பேறி? பழைய செல்போன் சார்ஜரையும் ரெண்டு கம்பியையும் வைத்துக்கொண்டு செய்தாள். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அந்தப் பெண் இப்போது கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால், முகம்கூடக் கழுவாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள் என்கிறாய். கேட்டால், "ஒண்ணுமில்லமா, சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் உனுக்கு மூளன்னு ஒண்ணு கீதான்னு கேட்டான், அவ்ளோதான்" என்கிறாளாம். நீயும் அதற்கு, "கேட்டா கேட்டுட்டுப் போறான், சம்பளம் வருதில்ல" என்றாயாம்.

அங்கேதான் பெண்ணே நீ தடுக்கி விழுந்தாய். அந்தக் கேள்வி ஆளை என்ன பண்ணும் என்று எனக்குத் தெரியும். என்னையும் ஒருத்தன் கேட்டான். அதற்கப்புறம் எங்கள் மெஸ்ஸில் நடந்த கூத்தை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை, இல்லையா? உட்கார். அடுப்பில் ஒன்று வைத்திருக்கிறேன், சின்னத் தீதான், அது பாட்டுக்கு இருக்கும்.

நான் வேலை செய்கிற மெஸ் உனக்குத் தெரியும். மலைக்குப் படி ஏறுகிற வழியில், பூக்கடைகள் முடிகிற இடம். காலையில் ஏறுகிறவர்களும் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே எனக்கு அரைக்கிற வேலை. மாவு கிரைண்டர் பார்த்துக்கொள்ளும். சட்னி என் பொறுப்பு. ஓனரம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும், என்னை அத்தை என்றுதான் கூப்பிடும். தோசைக்கல்லில் நிற்பவர் அரக்கோணத்துக்காரர், எல்லோருக்கும் அவர் பாய். இலை போட்டுப் பரிமாறுகிற பெண் ஒருத்தி, மணவூரிலிருந்து ரயிலில் வருவாள். வேறு ஆட்கள் வருவார்கள் போவார்கள், இந்தக் கதைக்கு இவர்கள் போதும்.

காலையில் நான் உள்ளே நுழைந்ததும் ஓனரம்மா விபூதி பூசிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்கும்.

"அத்த, இன்னிக்கி இன்னா?"

அவ்வளவுதான். அதற்கு நான் உடனே பதில் சொன்னதே கிடையாது. கூடைக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். என்ன கிடக்கிறது என்று பார்ப்பேன். சாம்பாருக்குச் சீவிய சுரைக்காய்த் தோல் இருக்கும். புளிச்சக்கீரை ரெண்டு கட்டு வாடப்போகிற மாதிரி இருக்கும். வேர்க்கடலை எப்போதும் உண்டு, ஆந்திராக்காரர்கள் வருகிற ஊரில் அது இல்லாமல் முடியுமா? இதோடு அதைச் சேர்த்தால் எப்படி, புளியைக் குறைத்து மாங்காயைப் போட்டால் எப்படி என்று மனசு தானாக ஓடும். முதல் ஈடு இட்லி வெந்து இறங்கும்வரை என்ன சட்னி என்று எனக்கே தெரியாது. மலையிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் வாசலில் நின்று, "இன்னிக்கி இன்னா சட்னி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் குளுகுளு என்று இருக்கும், வாயில் என் காரம் எரியும். ஒரு பெரியவர் சொன்னார், "மேல குளுருது, உள்ள எரியுது, முருகன் கணக்கு சரியா பூடுச்சி" என்று. அன்றைக்கெல்லாம் சிரித்தேன்.

எல்லாமே நன்றாக வந்தது என்று நினைக்காதே. ஒருநாள் பாகற்காயில் அரைத்தேன். வெல்லம் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை. இலை இலையாக அப்படியே திரும்பி வந்தது. பாய் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஆயா, எனுக்கு ஏதாவது சொத்து கீதா? இத்த குடுத்து கொல்றியே" என்றார்.

ஓனரம்மா, "அத்த, நாளிக்கி மனுசங்க சாப்புடுறதா பாத்து அரைங்க" என்றது.

மறுநாள் காலையில் அதே ஓனரம்மா, அதே மாதிரி, "இன்னிக்கி இன்னா?" என்று கேட்டது. பார், அதுதான் விஷயம். கிண்டல் பண்ணினார்கள், ஆனால் கேள்வியை நிறுத்தவில்லை.

பாய் வாயைப் பற்றி உனக்குத் தெரியாது. பரிமாறுகிறவளை எருமை என்பார், என்னைப் பழைய இரும்பு என்பார், தோசைக்கல்லையே திட்டுவார். அவள் சும்மா இருப்பாளா? "எரும ஒதச்சா தெரியும் பாய்" என்பாள். ஒருத்தர் மூஞ்சி கோணினது கிடையாது. ஏனென்றால் அந்த வாய் திட்டும்போதே அந்தக் கை நம் தட்டில் நெய் தோசை ஒன்றைத் தள்ளும். வார்த்தை கரடு முரடாக இருந்தால் மட்டும் மனசு நொந்துவிடாது, பெண்ணே. அது வேறு, இது வேறு. இந்தப் பக்கத்தில் கண்டக்டர்கூட என்னைக் கிழவி என்றுதான் சொல்கிறான், "கெயவி, பாத்து எறங்கு" என்று கையையும் பிடித்துக்கொள்கிறான். அதற்கு நான் கோபித்தால் பஸ்ஸிலேயே போகமுடியாது.

சரி, கதைக்கு வருகிறேன். ஓனரம்மாவின் மகளுக்குப் பிரசவம், சென்னையில். மகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும் என்று கிளம்பியது. மெஸ்ஸைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனது. அந்தப் பிள்ளை ஏதோ பெரிய கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசராக இருந்தது, அந்த வேலை முடிந்து வீட்டில் இருந்தது. நல்லதைச் சொல்லிவிடவேண்டும்: கை சுத்தம். எல்லோருக்கும் முன்னால் வந்து கடையைத் திறப்பான். குடிதண்ணீர் டிரம்மைத் தேய்த்துக் கழுவச் செய்தான், தலைக்குக் குல்லாய் வாங்கிக் கொடுத்தான். குல்லாய் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து நானும் பரிமாறுகிறவளும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதுவரை நன்றாகத்தான் போனது.

ஆனால் அந்தப் பிள்ளை யாரையும் பெயரும் சொல்லாது, முறையும் சொல்லாது. விரலைச் சொடுக்கும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பார்க்கும். பரிமாறுகிறவள் தண்ணீர் வைக்க மறந்தால் சாப்பிடுகிறவர்கள் எதிரிலேயே, "சோறு துன்றியா வேற ஏதாவது துன்றியா நீ?" என்று கேட்கும். தோசை முறுகிவிட்டால் அதைப் பாய் காலடியில் இருக்கிற குப்பைக் கூடையில், அவர் பார்க்கிற மாதிரி, டப்பென்று போடும்.

எனக்கு ஒருநாள் முறை வந்தது. வழக்கம்போலக் கூடைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா நின்னுகினு கீற?"

"யோசிச்சிகினு கீறேன் நைனா. சொரக்கா தோலு கெடக்குது, அத்தோட கொஞ்சம் எள்ளு..."

"யோசிக்கிறியா?" என்று சிரித்தான். சாப்பிடுகிறவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டுக்கங்க, கெயவி யோசிக்குதாம். உனுக்கு மூளன்னு ஒண்ணு இருந்தா நீ ஏன் இங்க அரைச்சிகினு கீற? தேங்கா ஒண்ணு, வெங்காய காரம் ஒண்ணு. டெய்லி ரெண்டே. சொன்னத அரைச்சிட்டுப் போ" என்றான்.

கைகழுவுகிற இடத்தில் நின்றிருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். பாவம், அவர்கள் வேடிக்கை என்று நினைத்தார்கள்.

கோபம் வந்ததா என்று கேட்பாய். வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் பரம்பரையையே திட்டிக்கொண்டு வந்தேன், ஆட்டோக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ரெண்டு நாளில் கோபம் போய்விட்டது. கோபம் போனதுதான் கெடுதல். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. தேங்காய், வெங்காயம். தேங்காய், வெங்காயம். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சீக்கிரம் வேலை முடியும், உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்கும் சந்தோஷம், "இப்ப பாரு, எவ்ளோ ஸ்பீடா நடக்குது" என்றான்.

முன்பெல்லாம் தெருவில் ஒரு காய்கறி வண்டி போனால் நான் அதன் பின்னாலேயே நாலு வீடு நடப்பேன், நீயே என்னைக் கேலி பண்ணியிருக்கிறாய். அப்புறம் வண்டி போனால், வண்டி போகிறது, அவ்வளவுதான். மருமகள் குழம்பைக் கரண்டியில் எடுத்து வந்து உப்பு பார்க்கச் சொல்வாள். "இருக்குது" என்பேன். அவள் நின்று என் மூஞ்சியைப் பார்ப்பாள். உப்பு இருக்குது என்று ஒரே வார்த்தையில் விடுகிறவளா நான்?

மற்றவர்களும் அப்படித்தான் ஆனார்கள். பாய் திட்டுவதை நிறுத்திவிட்டார் என்றால் பார்த்துக்கொள். கேஸ் தீரப்போகிறதென்றால் அடுப்புச் சத்தத்திலேயே அவருக்குத் தெரியும், முன்னாலேயே குரல் கொடுப்பார். இப்போது தோசை பாதி வெந்துகொண்டிருக்கும்போது தீ அணையும். "கேஸ் ஆயிடுச்சி" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பரிமாறுகிறவள், குழந்தை புரையேறி இருமினால் யாரும் சொல்லாமலே தண்ணீரோடு ஓடுகிறவள், இப்போது கூப்பிட்டால்தான் திரும்புவாள். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. வஞ்சமும் இல்லை. வீட்டில் ஒவ்வொரு விளக்காக அணைகிற மாதிரி அணைந்துகொண்டே வந்தோம்.

என் மகன் வெகு நாளாகவே வேலையை விடச் சொல்லிக்கொண்டிருந்தான். முழங்கால் வலி, படுக்காமல் அலைகிறாய், ஊர் என்ன சொல்லும் என்பான். ஒவ்வொரு தடவையும் நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: "எனுக்கு அங்க நல்லா கீதுடா." அத்தோடு அவன் பையை எடுத்துக்கொண்டு வேலைக்கு ரயிலேறப் போய்விடுவான். இந்தத் தடவை, "எம்மா, மூஞ்சியே சரியில்ல. அங்க இன்னா கீதுன்னு போற? நின்னுடு" என்றான். அந்தப் பழைய பதிலைச் சொன்னால் பொய்யாகிவிடும். "பாப்போம்" என்றேன். வேலையை விட்டால் இந்த வீட்டில் நான் யார்? டிவி எதிரில் பூண்டு உரிக்கிறவள். அதற்கு நான் தயாராக இல்லை. ஆனால் போவதற்கும் காரணம் இல்லாமல் போய்விட்டது.

இப்போதுதான் கூத்து வருகிறது.

கிருத்திகை வந்தால் நம் ஊரில் என்ன வழக்கம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, உன் வீட்டிலும் அதேதான். விரதம் இருக்கிறவர்கள் வெங்காயம் பூண்டு தொடமாட்டார்கள். மலை அடிவாரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறவனுக்கு அதுதான் முதல் பாடம். ஆடிக் கிருத்திகை என்றால் ஊரே கத்திச் சொல்லிவிடும். மாசக் கிருத்திகையை நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும். எங்கள் மெஸ்ஸில் அதை ஞாபகம் வைத்திருப்பவர் யார் தெரியுமா? பாய்தான். முதல் நாளே கேட்பார், "ஆயா, நாளிக்கி கிருத்திகதான? வெங்காயம் வாணாம்ல?" என்று. அவருக்கு ஏன் அந்தக் கவலை என்றால், தோசைக்கல்லை வெங்காயம் பாதி வெட்டித்தானே எண்ணெய் தொட்டுத் தேய்ப்பார்கள்? கிருத்திகையன்று மட்டும் கத்திரிக்காயைப் பாதியாக வெட்டி, காம்பைப் பிடித்துக்கொண்டு கல்லைத் தேய்ப்பார். அந்தக் கத்திரிக்காயை முதல் நாளே தேர்ந்தெடுத்து எடுத்து வைத்துவிடுவார், யாரையும் தொட விடமாட்டார்.

அது புரட்டாசி மாசக் கிருத்திகை. காலையில் வந்தேன். தேங்காய் அரைத்தேன். வெங்காயம் உரித்து, வதக்கி, மிளகாய் போட்டு, அரைத்தேன். சாம்பாரில் சின்ன வெங்காயம் மிதந்தது. பாய் வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்திக் கல்லைத் தேய்த்தார். வாசலில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு காவடியோடு கும்பல் கும்பலாகப் போகிறார்கள், அரோகரா என்று சத்தம் வருகிறது. நான் கேட்டேன், காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை. அரைத்துக்கொண்டே இருந்தேன்.

நகரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. காவடி எடுத்த மகன், மருமகள், என் வயசில் ஒரு அம்மா. தரிசனம் முடிந்து முதல் வாய் சாப்பிடப் போகிறார்கள். அந்த அம்மா இட்லியைப் பிட்டு என் சட்னியில் தொட்டு, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், நிறுத்திவிட்டது. மோந்து பார்த்தது. இட்லியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் சமையற்கட்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

"ஏமம்மா, ஈ ரோஜு கிருத்திக காதா?" என்றது.

இன்றைக்குக் கிருத்திகை இல்லையா என்று கேட்கிறது. திருத்தணியில் இருக்கிற என்னை, நகரியிலிருந்து வந்த அம்மா கேட்கிறது! திட்டவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டது, தனக்குத்தான் நாள் தப்பிவிட்டதோ என்று. மருமகள் போனில் பார்த்து ஆமாம் என்றாள். அந்த அம்மா இலையை மெதுவாக மடித்துவிட்டு எழுந்தது. பக்கத்து இலைக்காரர் சாம்பாரைக் கிளறிப் பார்த்தார். அவரும் எழுந்தார். அப்புறம் ஒவ்வொரு வரிசையாக, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி, எல்லோரும் எழுந்து போனார்கள்.

நான் பாயைப் பார்த்தேன். பாய் கையில் கரண்டி, கரண்டியில் வெங்காயம். அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஆயா, இன்னிக்கி கிருத்திகயா?"

"ஆமா போலகீது பாய்."

"நான் கத்திரிக்கா எடுத்து வெக்கலியே!" என்றார். அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். பெற்ற பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்துவிட்டவர் மாதிரி.

பின்னாலிருந்து பரிமாறுகிறவள் ஒப்பாரி வைத்தாள். "ஐயோ, நானே விரதம்! காத்தால நின்னாப்பலயே ரெண்டு வெங்காய தோசை துன்னுட்டேனே!" வருஷக்கணக்காகக் கிருத்திகை விரதம் இருக்கிறவள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னால் அடக்க முடியவில்லை. அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தப் பிள்ளை கல்லாவிலிருந்து உள்ளே வந்தான். நெற்றியில் புது விபூதி. விடியற்காலையிலேயே மலைக்குப் போய்க் கிருத்திகை தரிசனம் பண்ணிவிட்டு வந்தவன்!

"வேணும்னே பண்ணீங்களா? எல்லாம் சேந்து என்ன மாட்டி வுட்டீங்களா?"

"இல்ல நைனா. மலமேல கீறவன் மேல சத்தியமா எனுக்கு நெனப்பே வர்ல."

"உனுக்கு வர்ல. பாய்க்கு? இவளுக்கு? இத்தினி பேருல ஒருத்தருக்குமா வர்ல?"

"உனுக்கு வந்துச்சா தம்பி?" என்றார் பாய். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"நான் எங்க அடுப்பாண்ட வரேன்? இதெல்லாம் நீங்க பாத்துக்குற விசயம்ல?"

"நாங்க பாத்துக்கினுதான் இருந்தோம். இப்ப பாத்துக்குறதுக்கு நீ கீறன்னு வுட்டுட்டோம்" என்றார் பாய்.

அந்தப் பிள்ளை எங்கள் ஒவ்வொருத்தர் மூஞ்சியாகப் பார்த்தான். வேண்டுமென்று செய்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம். நாங்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் மாவு டிரம் மேலேயே உட்கார்ந்துவிட்டான். இட்லிக்குப் பொடி வைக்கலாமா என்று கேட்டான். பொடியில் பூண்டு. ஷட்டரை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் கழுவினோம்.

மறுநாள் நான் போகவில்லை. மகன், "நல்ல காரியம் பண்ண" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனான். அவனிடம் காரணத்தைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். ஓனரம்மா தம்பி மேல் கோபத்தில் நான் நிற்கவில்லை. பயந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து இந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணுக்கு எதிரில் காவடி போகிறது, கிருத்திகை என்று தோன்றவில்லை என்றால் என்ன அர்த்தம்? மூளை இருக்கிறதா என்று கேட்டானே, நிஜமாகவே போய்விட்டதோ? என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் நாள் மறந்தது, அப்புறம் பெற்ற பிள்ளையை மறந்தது. தரையில் படுத்துக்கொண்டு கூரையில் ஓடு எண்ணினேன். எனக்கு அந்த வியாதிதான் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

அப்போதுதான் வாசலில் பைக் சத்தம். நீகூட எட்டிப் பார்த்து, யாரோ காய்கறிக்காரன் என்றாயே, அது அந்தப் பிள்ளைதான். கூடையோடு வந்திருந்தான். அவனே கடைத்தெருவில் போய் வாங்கியிருக்கிறான், என்ன வாங்குவது என்று தெரியாமல். பீர்க்கங்காய் ஒரு குவியல், பூசணி ஒரு கீற்று, புதினா, மாங்காய் இஞ்சி, அது எதற்கு வாங்கினான் என்று அவனுக்கே தெரியாது. உள்ளே வரவில்லை. வாசற்படியில் கூடையை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கூடையைப் பார்த்தே சொன்னான்.

"கெயவி, இன்னிக்கி இன்னா சட்னி?"

மன்னிப்பு கிடையாது, மரியாதை கிடையாது, கிழவி என்கிற வார்த்தையும் போகவில்லை. ஆனால் கேள்வி வந்துவிட்டது.

நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண் கூடைக்குள் போய்விட்டது. பீர்க்கங்காய் பிஞ்சு, தோல் பச்சென்று இருந்தது. அதை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன். "இத்த சீவி தோல எறியாத. தோல வதக்கி, கடல போட்டு, இந்த மாங்கா இஞ்சிய பச்சையா தட்டி கடைசில சேத்தா..." என்று என் வாய் சொல்லிக்கொண்டே போகிறது. பாதியில்தான் எனக்கே உறைத்தது. அடி, இருக்கிறதே! எங்கேயும் போகவில்லையே! உள்ளேயேதான் இருந்திருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு!

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவன் தோளிலேயே ஒன்று வைத்தேன். பயந்துவிட்டான்.

மருமகள், "அத்த, அவரு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள்.

"உப்பு கம்மின்னு சொல்லு. காத்தால குழம்புல சொல்ல மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறினேன்.

போகிற வழியில் அந்தப் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான், "அந்த கேன்டீன்ல எங்கள இப்பிடித்தான் பேசுவாங்க ஆயா. பேசினாத்தான் வேல நடக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்." அப்போதுதான் முதல் தடவையாக ஆயா வந்தது.

"உனுக்கு அங்க எப்பிடி நடந்துச்சி நைனா?" என்று கேட்டேன்.

ரயில்வே கேட்டில் நின்றபோது, "நானும் ஒண்ணியும் நெனச்சதில்ல அங்க" என்றான்.

அப்புறம் ஒரேயடியாகத் திருந்திவிட்டான் என்று நினைக்காதே. இப்போதும் அவசரத்தில் விரல் சொடுக்குவான். பாய் உடனே கரண்டியால் கல்லில் டங் டங் என்று தட்டுவார், அவன் விரலை மடக்கிக்கொள்வான். ஓனரம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. கல்லாவில் அக்காவும் தம்பியும் மாறி மாறி உட்காருகிறார்கள். பாய் பழையபடி எல்லோரையும் மிருகப் பெயர் சொல்லித் திட்டுகிறார். பரிமாறுகிறவள் அந்த விரதத்துக்குப் பரிகாரமாகப் படியெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினாள், இறங்கி வந்து, "எல்லாம் உன் வெங்காயத்தால" என்று என்னைக் கிள்ளினாள். என் மகன் இப்போதும் நின்றுவிடு என்கிறான். எனக்கு அங்கே நன்றாக இருக்கிறது என்கிறேன். அவன் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போகிறான்.

அதனால்தான் சொல்கிறேன், உன் பெண்ணிடம் சம்பளம் வருகிறதல்லவா என்று சொல்லாதே. கம்பெனி சூப்பர்வைசர் கூடையைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு வரப்போவதில்லை. அந்த வேலையை அவள் விடுவாளோ வேறு பார்ப்பாளோ, அது அவள் பாடு. ஆனால் உன் வீட்டுத் தொட்டி பெல் கொஞ்ச நாளாகக் கத்துவதே இல்லை, கவனித்தாயா? தண்ணீர் வழிந்து என் சுவர் வரைக்கும் ஈரம். நீ அவளை, "ஏன்டி சரி பண்ணல" என்று கேட்காதே. அதைப் போய்ப் பார்த்துக்கொண்டு சும்மா நில். அவள் வந்ததும், "இந்த ஒயரு எதுக்குடி இங்க போவுது?" என்று மட்டும் கேள். தப்பான ஒயரைக் காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது, உடனே எழுந்து வருவாள். நான் வேண்டுமானால் வந்து...

என்ன வாசனை அது? ஐயோ, பூசணித் தோல்! நாளைக்குக் கிருத்திகை, வெங்காயம் இல்லாமல் ஒன்று செய்து பார்க்கலாம் என்று வதக்கப் போட்டேன். பாய் காலையில் மெஸ்ஸிலேயே, கத்திரிக்காய் எடுத்து வைத்துவிட்டேன், நீ என்ன பண்ணப்போகிறாய் என்று கேட்டார். எழுந்திரு, எழுந்திரு, வழியை விடு, அடி பிடித்துவிட்டது, அந்தக் கரித்துணியை எடு...